முகமறியா நண்பர்களும் நம் பிள்ளைகளும்



சென்ற ஆண்டில் ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்துகொண்டிருந்தனர். பள்ளிவாசல் ஹவ்ளின் ஓரத்தில், கால் கழுவுவதுபோல் பாவனை செய்துகொண்டு, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் எனக்காகக் காத்து நின்றான். ஐந்து வயதில் என்னிடம் அலிஃப், பே ஓதத் தொடங்கியவன். அவனுடைய வாப்பா 14 ஆண்டுகளாகச் சபுராளி, சவூதியில் இருக்கிறார். வீட்டில் உம்மாவும் இவனும் ஒரு தங்கையும் மட்டும்.

“ஹஜ்ரத், ஒரு விஷயம் சொல்லணும்” என்றான்.

“சொல்லுப்பா.”

“நெட்டுல ஒரு பொண்ணோட பேசிக்கிட்டிருந்தேன், ஹஜ்ரத்...”

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க நான் விடவில்லை. மீதி எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். அந்நியப் பெண்ணோடு பேசுவதன் விலக்கையும், பார்வையைத் தாழ்த்துவதன் அவசியத்தையும், வாப்பா பாலைவனத்தில் படுகிற பாட்டையும் பத்து நிமிடம் எடுத்துரைத்தேன். தலைகுனிந்து கேட்டான். “சரி ஹஜ்ரத்” என்றான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்கு நடந்து செல்கையில், கடமையை நிறைவேற்றிவிட்ட திருப்தி என் உள்ளத்தில் இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவன் சொல்ல வந்தது வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன். அவனைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவனுடைய தந்தையின் தலைமுறையைச் சேர்ந்த நம்மைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசியாக வேண்டும்.

நாமும் எழுதியவர்கள்தாம்

நாற்பதைக் கடந்த வாசகர்களுக்கு ‘பேனா நண்பர்கள்’ பகுதி நினைவிருக்கும். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு என்று நான்கு வரிகள். பொழுதுபோக்கு பெரும்பாலும் தபால்தலை சேகரித்தலாகவோ வானொலி கேட்டலாகவோ இருக்கும். அந்த நான்கு வரிகளை நம்பி, பார்த்தேயிராத ஒருவருக்கு இலங்கைக்கும் மலேசியாவுக்கும் நாம் கடிதம் எழுதினோம். அவரும் எழுதினார். அந்நியரோடு உரையாடும் ஆவல் இக்காலப் பிள்ளைகள் புதிதாகக் கண்டுபிடித்த நோயன்று.

ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. அந்தக் கடிதம் வீட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். உறையை முதலில் வாங்குபவர் உம்மாவாகவோ ராத்தாவாகவோ இருப்பார். தபால்தலையைப் பார்த்து, “இது யாரு பினாங்குல உனக்கு?” என்று ஒரு கேள்வி பிறக்கும். ஒரு கடிதத்துக்கும் மறு கடிதத்துக்கும் இடையே பதினைந்து இருபது நாள்கள் கழியும். அந்த இடைவெளியில் மனம் தணியும், யோசனையும் வரும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. நான் வரலாற்றுப் பாடத்தில் இளங்கலை பயின்றுகொண்டிருந்த நாள்களில் எங்கள் கல்லூரிச் சாலையில் ‘பிரவுசிங் சென்டர்’ வந்துவிட்டிருந்தது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே கணினிகள். ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய். யாஹூ அரட்டை அறைக்குள் நுழைந்தவுடன் எவரும் கேட்கும் முதற்கேள்வி மூன்றே எழுத்துகள்: ஏ.எஸ்.எல். அதாவது வயது என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பது.

எனக்கு அப்போது வயது 19. ‘24, ஆண், சென்னை, பொறியாளர்’ என்று தட்டச்சு செய்தேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட அன்று எழவில்லை. மலேசியாவில் ஆசிரியராக இருப்பதாகச் சொன்ன ஒருவரோடு இரண்டு மாதங்கள் பேசினேன். அவர் மெய்யாகவே ஆசிரியர்தாமா, அல்லது என்னைப்போல் ஏதோ ஒரு பலகைத் தடுப்புக்குள் அமர்ந்திருந்த மாணவர்தாமா என்பது எனக்கு இன்றளவும் தெரியாது. ஓத வரும் பிள்ளைகளிடம் இணையத்தில் பொய் சொல்பவர்களைப் பற்றி எச்சரிக்கும்போதெல்லாம் அந்த 24 வயதுப் பொறியாளர் என் நினைவுக்கு வந்து நாவைக் கட்டுகிறார்.

அதன்பின் வந்தவையும் போனவையும் பல. 2004இல் வந்த ஆர்குட் 2014இல் மூடப்பட்டது. யாஹூ மெசஞ்சர் 2018இல் விடைபெற்றது. அவற்றின் இடத்தை முகநூலும் இன்ஸ்டாகிராமும் ஸ்நாப்சாட்டும் டெலிகிராமும் எடுத்துக்கொண்டன. பிள்ளைகள் விளையாடும் துப்பாக்கி விளையாட்டுகளில்கூடப் பேசும் வசதி உண்டு என்பதைப் பெற்றோரில் பலர் அறியார். மகன் ‘கேம்’தானே ஆடுகிறான் என்று இருந்துவிடுகிறோம். அவனுடைய காதில் மாட்டியிருக்கும் கருவியில் எந்த ஊரின் எந்த வயது மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குக் கேட்பதில்லை.

அந்தக் கணினிக் கடைக்கு நேரக் கணக்கு இருந்தது. முதலாளி ஒருவர் நாற்காலியில் இருந்தார். இரவு ஒன்பது மணிக்குக் கதவு இழுத்து மூடப்பட்டது. இன்றைய கடை தலையணைக்கடியில் இருக்கிறது.

அந்நியர் ஏன் இனிக்கிறார்?

இராமேசுவரம் விரைவு வண்டியில் பயணம் செய்திருப்பீர்கள். எதிர் இருக்கையில் அமர்ந்தவர், விழுப்புரம் தாண்டுவதற்குள் தம் மருமகனோடு ஏற்பட்ட மனத்தாங்கல் வரை சொல்லி முடித்துவிடுவார். உடன்பிறந்த தம்பியிடம் சொல்லாததை உங்களிடம் ஏன் சொல்கிறார்? நீங்கள் இறங்கிப் போய்விடுவீர்கள் என்பதனால்தான். ஜெர்மானிய அறிஞர் கியோர்க் ஸிம்மல் 1908ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதினார். நெருங்கியவர்களிடம் கவனமாக மறைப்பவற்றை மனிதர் அந்நியரிடம் திறந்து வைக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து.

இணையம் அந்த இரயில் பெட்டியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டது; எதிர் இருக்கைக்காரர் இறங்குவதேயில்லை. இன்னுமொன்று: ஜோசஃப் வால்தர் என்னும் அமெரிக்க அறிஞர் 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டியதாவது, எழுத்தின் வழியாக மட்டும் பழகுகின்றவர்கள் நேரில் பழகுகின்றவர்களைவிடச் சில நேரங்களில் விரைவாகவும் ஆழமாகவும் நெருங்கிவிடுகிறார்கள். காரணம் எளியது. மறுமுனையில் இருப்பவர் தம்மில் சிறந்ததை மட்டும் தேர்ந்து அனுப்புகிறார். தெரியாத மீதியைப் பெறுபவர் தம் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறார். பதினாறு வயது மனம் அதை எவ்வளவு அழகாக நிரப்பும் என்று சொல்லத் தேவையில்லை. தனக்கு வேண்டிய ஒரு நண்பனைத் தானே வரைந்துகொண்டு, அதை அந்த அந்நியர் மீது போர்த்திவிடுகிறது.

நம் இல்லங்களின் நிலையை இதனோடு வைத்துப் பாருங்கள். சபரில் இருக்கும் வாப்பா இரவு பத்து மணிக்கு அழைக்கிறார். “சாப்ட்டியா? தொழுதியா? படிச்சியா? உம்மாகிட்ட குடு.” மூன்று கேள்விகள், மூன்று ‘ம்’கள். அவ்வளவுதான். அவரைக் குறை கூறவில்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, அறையில் ஆறு பேருக்கு நடுவே கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசுகிறவரிடம் வேறு என்ன சொற்கள் மிஞ்சியிருக்கும்? அழைப்பு முடிந்த அடுத்த நொடியில் அதே செல்பேசியில் வேறொருவர் வருகிறார். “இன்னிக்கு ஏன் டல்லா இருக்கே?” என்று கேட்கிறார். வீட்டில் எவரும் கேட்காத கேள்வி அது.

இடையில் ஒரு பழைய நினைவு. செல்பேசி இல்லாக் காலத்தில் எங்கள் தெருவில் ஒலிநாடாக் கடிதங்கள் வரும். ஊருக்கு வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில் அறுபது நிமிட கேசட் ஒன்று வந்து சேரும். வீடே சுற்றி அமர்ந்து வாப்பாவின் குரலைக் கேட்கும். பிள்ளை ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லித் தனித்தனியே பேசியிருப்பார். நடுவில் ஒட்டகம் பார்த்த கதையெல்லாம் வரும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறைதான். ஆயினும் அறுபது நிமிடம்.

மறுமுனையில் இருப்பவர்

அந்நியர் அனைவரும் தீயவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். அது உண்மையன்று. என் மகள் அரபு எழுத்தணிக் கலை பயில்கிறாள். இந்தோனேசியாவில் உள்ள ஒரு பெண்மணி, நேரில் ஒரு முறைகூடச் சந்திக்காதவர், நாணல் பேனாவை எந்தக் கோணத்தில் சீவ வேண்டும் என்று அவளுக்குப் படம் வரைந்து காட்டினார். ஒரு ரூபாய் பெறவில்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, அதிலும் வாசற்படி தாண்டுவது அரிதாக உள்ள பெண்பிள்ளைகளுக்கு, இந்தக் கதவு எவ்வளவு பெரியது என்பதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன். அதை ஆணியடித்து மூடச் சொல்ல என் நா எழவில்லை.

ஆனால் அதே கதவின் வழியாக வேறு விதமானவர்களும் வருகிறார்கள். 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 18 வயது இளைஞர் ஒருவர் ‘ஒமெகிள்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். உலகின் எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரோடு நம்மைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இணைத்துவிடுவதே அதன் வேலை. பெயர் வேண்டாம், பதிவு வேண்டாம். 2014இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியை அது நடுவயது மனிதன் ஒருவனோடு இணைத்தது. அவளை மிரட்டி ஆண்டுக்கணக்கில் ஆட்டுவித்தான் அவன். வளர்ந்தபின் அந்தப் பெண், அவனோடு நில்லாமல், தன்னை அவனோடு இணைத்த தளத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். சிறுவர்களையும் பெரியவர்களையும் பிரித்தறியாமல் ஒன்றுசேர்க்கும் அந்த அமைப்பே பழுதுள்ளது என்பது அவருடைய வாதம். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2023 நவம்பரில் தளம் மூடப்பட்டது. அதுபோன்ற வேறு தளங்கள் இருக்கவே செய்கின்றன.

கனடாவின் அமாண்டா டாட் என்னும் 15 வயதுச் சிறுமியின் கதையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2012 அக்டோபரில் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளைத் தொடர்ந்து மிரட்டியவன் பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். 22 புனைபெயர்களில் அவளைச் சூழ்ந்தவன் ஒரே மனிதன் என்பது பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2022இல் கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு கூட்டமே தன்னை வெறுக்கிறது என்று அந்தக் குழந்தை எண்ணியிருக்கக்கூடும்.

இத்தகையவர்கள் முதல் நாளில் தீயவராகத் தோன்றுவதில்லை. முதலில் புகழ்ச்சி, பிறகு விளையாட்டுக்குள் செலவழிக்கும் ‘வைரங்கள்’ போன்ற சிறு பரிசு. பலர் பார்க்கும் இடத்திலிருந்து தனி உரையாடலுக்கு அழைப்பு. அங்கிருந்து, அனுப்பிய செய்தி தானே அழிந்துபோகும் இன்னொரு செயலிக்கு மாற்றம். “உங்க வீட்ல உன்னைப் புரிஞ்சுக்கல” என்ற அனுதாபம். “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்ற வேண்டுகோள். பெற்றோர் இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பிள்ளைகளுக்கோ கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே போதும். வீட்டாரிடமிருந்து மறைக்கச் சொல்கிற நண்பர் எத்தனை இனியவராயினும், அந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

மஜ்ஹூல்

மத்ரஸாவில் ஹதீஸ் கலை சொல்லிக் கொடுக்கும்போது ஒரு நாள் எனக்கு இந்த எண்ணம் உதித்தது. முகமறியாதவரை எடைபோடும் கலையில் நம் முன்னோரைப்போல் உழைத்தவர்கள் உலகில் அரியர். ஒரு செய்தி வந்தால், “யாரிடம் கேட்டீர்? அவர் யாரிடம் கேட்டார்?” என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர்களின் பிறப்பு, இறப்பு, ஊர், ஆசிரியர், நினைவாற்றல், நேர்மை அனைத்தையும் தேடித் தொகுத்தார்கள். இமாம் மிஸ்ஸியின் ‘தஹ்தீபுல் கமால்’, இமாம் தஹபியின் ‘மீஸானுல் இஃதிதால்’, இப்னு ஹஜரின் ‘தஹ்தீபுத் தஹ்தீப்’ எல்லாம் அந்த உழைப்பின் தொகுதிகள்.

அந்தக் கலையில் ‘மஜ்ஹூல்’ என்றொரு சொல் உண்டு. அறியப்படாதவர் என்பது பொருள். மஜ்ஹூலைப் பொய்யர் என்று அவர்கள் தூற்றவில்லை. நல்லவர் என்று ஏற்கவும் இல்லை. அவரைப் பற்றித் தெரியவரும்வரை அவருடைய அறிவிப்பின் மீது எதையும் கட்டாமல் நிறுத்திவைத்தார்கள். அதிலும் இரு வகை. ஒருவரிடமிருந்து ஒரே ஒரு மாணவர் மட்டும் அறிவித்திருந்தால், அப்படி ஓர் ஆள் இருந்தாரா என்பதே ஐயத்துக்குரியது. அவர் மஜ்ஹூலுல் ஐன். இருவரோ அதற்கு மேற்பட்டவரோ அவரிடமிருந்து அறிவித்திருந்து, ஆயினும் அவர் நம்பிக்கைக்குரியவர் என்று எந்த அறிஞரும் உறுதியளிக்கவில்லையானால், அவர் மஜ்ஹூலுல் ஹால். ஆள் உண்டு, நிலை தெரியாது.

இதை மாணவிகளிடம் சொல்லிவிட்டு, “உங்கள் செல்பேசியில் வருகிறவர்களில் இந்த இரண்டு வகையினர் உண்டா?” என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி எழுந்து சொன்னாள்: “ஹஜ்ரத், என்கிட்ட மட்டும் பேசுறவங்க முதல் வகை. ‘37 மியூச்சுவல் ஃப்ரெண்ட்ஸ்’ இருக்கிறவங்க ரெண்டாவது வகை. அந்த 37 பேருமே என்னை மாதிரி, மத்தவங்க சேர்த்திருக்காங்களேன்னு பார்த்துச் சேர்த்தவங்கதான்.” முப்பது பக்க உரை நூலைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். 37 பேர் அவரைத் தம் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அவர் நம்பத்தக்கவர் என்று ஒருவர்கூடச் சான்று கூறவில்லை. அன்று முதல் அந்த வகுப்பில் ‘மஜ்ஹூல்’ என்பது நடைமுறைச் சொல்லாகிவிட்டது. “அவ ஒரு மஜ்ஹூல்கிட்ட பேசுறா” என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்கிறார்கள். இமாம் தஹபி கேட்டால் என்ன சொல்வாரோ!

ஹவ்ளின் ஓரத்தில் நின்றவன்

அந்த மாணவனிடம் திரும்புவோம். அவனுடைய இசைவோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் எழுதுகிறேன்.

என் உபதேசம் நிகழ்ந்து மூன்று வாரங்களுக்குப்பின் அவனுடைய உம்மா மத்ரஸா வாசலில் வந்து நின்றார். கையில் வங்கிக் கணக்குத் தாள். பள்ளிக் கட்டணத்துக்காக வாப்பா அனுப்பிய பணத்தில் 18,000 ரூபாய் குறைகிறது. “கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறான், ஹஜ்ரத். சாப்பிடுறதும் இல்ல” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று மாலை அவனை அழைத்து, இம்முறை நான் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தேன். மெல்ல மெல்லச் சொன்னான்.

விளையாட்டில் அறிமுகமான குரல், அங்கிருந்து இன்ஸ்டாகிராம். பெண் பெயர், பெண் படம். ஒரு வாரம் இனிய பேச்சு. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் காணொலி அழைப்பு வந்தது. நாற்பது நொடிகள். மறுபக்கம் ஓடியது முன்பே பதிவு செய்யப்பட்ட ஒரு காட்சி; அதை இவன் அறியான். இவனுடைய முகமும் இவன் செய்த பிழையும் அங்கே பதிவாயின. ஐந்து நிமிடங்களில் அந்தப் பதிவும், இவனுடைய நண்பர் பட்டியலின் படமும் இவனுக்கே வந்து சேர்ந்தன. பட்டியலில் மாமியின் பெயர், மாமூவின் பெயர், பள்ளி ஆசிரியரின் பெயர். 5,000 ரூபாய் உடனே அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் போகும் என்றது செய்தி. உம்மாவின் செல்பேசியிலிருந்து அனுப்பினான். மறுநாளே அடுத்த மிரட்டல். அதன்பிறகு காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு இன்னொருவன் அழைத்து, வழக்கை முடிக்கப் பணம் கேட்டான். அவனும் அதே கும்பல்தான்.

இரண்டாவது மிரட்டல் வந்த அன்றுதான் அவன் ஹவ்ளின் ஓரத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

அதுவரை போயிருந்தது 5,000 ரூபாய். மீதி 13,000 என் உபதேசத்துக்குப் பிறகு போனது. பணம் கிடக்கட்டும். அந்த மூன்று வாரங்களில் இரண்டு இரவுகள் கடற்கரைப் பாலத்தில் தனியே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். “என்ன நினைச்சுட்டு உட்கார்ந்திருந்தே?” என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவனும் சொல்லவில்லை.

மறுநாள் அவனும் உம்மாவும் நானும் மாவட்ட இணையக் குற்றப்பிரிவுக்குச் சென்றோம். அங்கிருந்த அதிகாரி அவனைத் திட்டவில்லை. அவர் சொன்னவற்றை வாசகர்களின் பயன் கருதி எழுதுகிறேன். மிரட்டுகிறவனுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நிற்காது, கூடும். உரையாடலை அழிக்கக் கூடாது. எண்கள், பெயர்கள், பணம் சென்ற கணக்கு அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு தடுத்துவிட வேண்டும். பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைத்தால் அதை இடையிலேயே நிறுத்திவைக்க வழியுண்டு. எங்களுக்கு மூன்று வாரங்கள் கடந்துவிட்டிருந்தன. தேசிய இணையக் குற்ற முறையீட்டுத் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். குழந்தைகளுக்கு 1098 உண்டு. ஆண்பிள்ளைகளும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களே. பாதிக்கப்பட்ட சிறுவர்களின் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது.

பிற்பாடு நான் அறிந்துகொண்ட இன்னொரு வசதி, ‘டேக் இட் டவுன்’ என்னும் இலவசச் சேவை. அமெரிக்காவில் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் இதைத் தொடங்கியது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் எதுவோ, அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் குறியீட்டை நம் செல்பேசியிலேயே அது உருவாக்கும். படம் நம் கையைவிட்டுப் போகாது. குறியீடு மட்டுமே செல்லும். முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட, இத்திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தக் குறியீட்டுக்குப் பொருந்தும் படத்தைக் கண்டறிந்து நீக்கும். பெரியவர்களுக்கு 2021இல் வந்த ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ இதே முறையில் இயங்குகிறது.

அவனுடைய பணம் திரும்பவில்லை. பதிவு எவருக்கும் போய்ச் சேரவும் இல்லை, இதுவரை இல்லை.

இனி எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். திருமண வீட்டில் யாரோ எடுத்த அவளுடைய படத்தை வைத்து எவனோ போலிக் கணக்குத் தொடங்கினான். அவளாகவே அதைக் கண்டுபிடித்து, தமையனிடம் சொன்னாள். செல்பேசி தரையில் உடைந்தது. மறுவாரம் கல்லூரி நின்றது. ஆறு மாதங்களில் நிக்காஹ். அவள் செய்த குற்றம் யாது? வலீமா விருந்தில் நானும் அமர்ந்து சாப்பிட்டேன். ஒரு சொல் கேட்கவில்லை. அவளோடு ஓதிய பெண்பிள்ளைகள் அனைவரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்ற பாடத்தை அவர்கள் அன்று மிக நன்றாகக் கற்றிருப்பார்கள்.

மிரட்டுகிறவன் இந்தப் பாடத்தை நம்பித்தான் தொழில் நடத்துகிறான். “உங்க வீட்ல சொல்லிடுவேன்” என்பதைவிடக் கூர்மையான கத்தி அவனிடம் வேறில்லை. அதைத் தீட்டிக் கொடுத்தவர்கள் நாம்.

பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். சமூக வலைத்தளங்களின் வழியாகவும் நட்பின் பெயராலும் பெண்களை அழைத்துச் சென்று, கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து மிரட்டிய கூட்டம் ஆண்டுக்கணக்கில் அகப்படாமல் இருந்தது. 2019 பிப்ரவரியில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் வீட்டில் சொன்னார், வீடு அவரோடு நின்றது, புகார் பதிவாயிற்று. அவருடைய பெயரைக் காவல்துறை அதிகாரியே செய்தியாளர்களிடம் வெளியிட்டுவிட்டார். அதற்காக 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அத்தனைக்குப் பிறகும் அவர் பின்வாங்கவில்லை. பாதிக்கப்பட்ட 8 பெண்கள் சாட்சியம் அளித்தனர். சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் தெரிவித்தார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

செல்பேசியைப் பிடுங்கி வைப்பதா, இரகசியமாக உளவு பார்ப்பதா என்று பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். உளவுச் செயலிகளில் எனக்கு உடன்பாடில்லை. துருவித் துருவி ஆராய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருக்கிறது என்பதை ஒருபுறம் வைத்தாலும், பிள்ளை அதைக் கண்டுபிடித்த நாளில் உங்களையும் அவன் மஜ்ஹூல் பட்டியலில் சேர்த்துவிடுவான். வெளிப்படையான விதி வேறு. இரவு பத்து மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாச் செல்பேசிகளும், வாப்பா உம்மாவுடையதும் சேர்த்து, கூடத்து அலமாரியில் உறங்கும் என்பது எங்கள் வீட்டு விதி. அதை அதிகம் மீறுகிறவன் நான்தான் என்று என் மகள் கணக்கு வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம்விட எளிதான ஒன்றை இன்றிரவே செய்யலாம். பிள்ளையை அருகில் அழைத்து, எந்தச் சிக்கலும் வருமுன்னரே சொல்லிவிடுங்கள்: “யாராவது உன்னை மிரட்டினால் என்னிடம் சொல். தப்பு உன்னுடையதாகவே இருந்தாலும் சொல். உன் படிப்பை நிறுத்த மாட்டேன்.” பெண்பிள்ளையாக இருந்தால் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்லுங்கள்.

அந்த மாணவனுடைய வாப்பாவிடம் செய்தியைச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் அழைத்தேன். நீண்ட நேரம் அவர் எதுவும் பேசவில்லை. அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “அவன்கிட்ட குடுங்க, ஹஜ்ரத்” என்றார். பயந்துகொண்டே செல்பேசியை அவனிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே திண்ணைக்கு வந்துவிட்டேன். நாற்பது நிமிடங்கள் ஆயின. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தவன், “வாப்பாவோட ரூம்ல பூனை ஒண்ணு இருக்காம், ஹஜ்ரத். இத்தனை வருஷமா சொன்னதே இல்ல” என்றான்.

இஷாவுக்குப்பின் இருபது நிமிடம் ஹவ்ளின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் எவரும் வரவில்லை. கொசுக்கள் மட்டும் வந்தன. சென்ற வாரம் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். நானும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, “சொல்லுப்பா” என்றேன். கால்பந்தாட்டத்தில் ‘ஆஃப்சைடு’ என்றால் என்ன என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு விசாரித்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறேன்.